வளையத்துள் எலக்ட்ரான் மேகம்: காந்திநகர் ஆய்வுகளின் வரலாறு

சாதாரணப் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களும் நேர் அயனிகளும் ஏறத்தாழச் சம அளவில் இருப்பதால் அவற்றின் மின்விசைகள் ஈடாகிவிடுகின்றன; ஒரே வகை மின்னேற்றம் மட்டும் திரண்ட நடுநிலையற்ற பிளாஸ்மாவிலோ துகள்கள் ஒன்றையொன்று விலக்கிச் சிதற முற்படுகின்றன. எனினும் வலிய காந்தப்புலத்துள் அந்த விலக்குவிசையே எலக்ட்ரான் மேகத்தைச் சுழல வைக்கிறது. அவ்வாறு அடைத்துவைக்கத்தக்க அடர்த்திக்கு ஓர் உச்சவரம்பு உண்டென்பதை லெயோன் பிரில்லுவான் 1945இல் காட்டினார்.

ராடாருக்கு நுண்ணலை தந்த மேக்னட்ரான் குழாயோடு பிணைந்தே அக்காலத்தில் இத்துறை வளர்ந்தது. மேகத்தின் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது இடையில் எழும் நெளிவு பெருகிச் சுழிகளாக உடைவதை டயோகோட்ரான் நிலையின்மை என்பர். கோச்சடையை ஒட்டி ஓடும் வைகையில் வெள்ளக்காலத்தில் விரைந்த நடுநீரும் மெதுவான கரைநீரும் உரசுமிடத்தில் சுழி பிறப்பதும் இதே அடிப்படையில்தான். உராய்வற்ற நீரின் இருபரிமாண ஓட்டத்திற்குரிய சமன்பாடுகளே எலக்ட்ரான் மேகத்தின் குறுக்கு ஓட்டத்திற்கும் பொருந்துகின்றன.

1960களில் அமெரிக்காவின் ஆவ்கோ எவரெட் ஆய்வகம், கன அயனிகளை முடுக்கும் நோக்கத்தோடு, வளைய வடிவக் கலத்தில் எலக்ட்ரான்களை அடைக்க முயன்றது. பின்னர் 1975இல் சான் டியாகோவில் மால்ம்பர்க்கும் டிகிராஸியும் நேர் உருளையைக் கையாண்டனர். உருளையின் சமச்சீரால் கோண உந்தம் மாறாதிருக்கும்வரை மேகம் விரிய இயலாது என்று ஓநீல் 1980இல் நிறுவியபின், ஆய்வாளர்களின் கவனம் பெரும்பாலும் உருளையின்பால் சென்றது. அத்தகைய பாதுகாப்பு வளையத்திற்கு இல்லை.

இந்தியாவில் 1982இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய பிளாஸ்மாத் திட்டம், 1986இல் காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமாகத் தனித்து நின்றது. அதன் ஆதித்யா டோகாமாக் 1989இல் இயங்கத் தொடங்கியது. நடுநிலைப் பிளாஸ்மாவை வளையத்தில் நிறுத்த அக்கருவி பிளாஸ்மாவுக்குள்ளேயே மின்னோட்டத்தைச் செலுத்த வேண்டியிருக்க, எலக்ட்ரான் மேகமோ தன் மின்புலத்தாலேயே குறுக்காகச் சுழன்று, வளைவினால் நேரும் விலகலை ஈடுசெய்துகொள்கிறது. இக்கருத்தைப் பற்றிக்கொண்டு, உள்துளை மிகக் குறுகிய வளையத்திலும் எலக்ட்ரான் மேகம் சமநிலை அடையும் என்பதைப் பூர்வி ஸாவேரி, பி. ஐ. ஜான், கே. அவினாஷ், பி. கே. கௌ ஆகியோர் 1992இல் வெளியிட்டனர்.

அதன் தொடர்ச்சியாக எழுந்த ஸ்மார்டெக்ஸ்‑சி கருவி முழு வளையமன்று. ‘சி’ வடிவில் ஒரு பகுதி திறந்திருக்க, இரு முனைகளிலும் எதிர் மின்னழுத்தம் தடுப்பாக நிற்கிறது. மேகம் மொத்தமாக மையத்திலிருந்து விலகி வட்டமிடும் எளிய டயோகோட்ரான் அலை, தன்னளவில் வளர்வதில்லை. ஆயினும் அதன் ஆற்றல் எதிர்க்குறி உடையதாகையால், கலச்சுவரோடு இணைந்த மின்தடை அந்த ஆற்றலை உறிஞ்ச உறிஞ்ச அலை பெருகுகிறது. எஞ்சிய வாயுவிலிருந்து பிறக்கும் நேர் அயனிகள் மற்றொரு நிலையின்மையைத் தூண்ட, நடுநிலை அணுக்களோடு நேரும் மோதல்களும் மேகத்தைக் கலைக்கின்றன. இவற்றை அடக்கியபின் 2016இல் வெளியான முடிவுகளின்படி, மேகம் ஏறத்தாழ 2.1 நொடிகள், அதாவது 1 லட்சத்திற்கும் மேற்பட்ட குறுக்குச் சுழற்சிகள், நிலைத்தது.

அந்தக் காலஅளவு காந்த உந்துகை விதிக்கும் எல்லையை நெருங்குவதாகும். வளையத்தின் உட்புறத்தில் வலிய புலத்தையும் வெளிப்புறத்தில் மெலிந்த புலத்தையும் மாறிமாறிக் கடக்கும் எலக்ட்ரான்கள் இறுகியும் தளர்ந்தும் சூடேற, அவ்வெப்பத்திற்கு ஈடாக மேகம் மெல்ல விரிகிறது; இது வளைய வடிவத்தோடு உடன்பிறந்த இழப்பு. மேகம் நிலைத்த காலஅளவைக் கண்டறிய உதவியதும் டயோகோட்ரான் அலையே ஆகும்: அதன் அதிர்வெண் மேகத்தின் மொத்த மின்னேற்றத்தோடு கூடிக் குறைவதால், சுவரின் பகுதிகளையே உணர்விகளாக்கி, மேகத்தைக் கலைக்காமலேயே அதில் எஞ்சியுள்ள எலக்ட்ரான்களின் அளவை மதிப்பிட முடிந்தது. முன்பு மேகத்தை உடைப்பதாக அஞ்சப்பட்ட அலை, வளராமல் கட்டுப்படுத்தப்பட்டபின் ஆய்வாளர்க்கு அளவுகோலாயிற்று.