கிழித்துக் கழற்றும் பேன்ட்ஸ் டயப்பர்: பக்க ஓரத்தில் இருக்கிறது சூட்சுமம்

வீவக வீட்டின் சிறிய குளியலறை. சுவர்க் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார் பாட்டி. அருகில் மகளோ பணிப்பெண்ணோ இருக்கிறார். அழுக்கான பேன்ட்ஸ் டயப்பரைக் கால்வழியாகக் கீழே இழுத்தால் தொடையிலிருந்து பாதம்வரை அழுக்கு பரவும். ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொன்னால், ஈரத் தரையில் வழுக்கி விழும் அபாயமும் உண்டு.

ஆனால், இந்த வகை டயப்பரைக் கீழே இழுக்கத் தேவையில்லை. இடுப்பின் இரு பக்கங்களிலும் உள்ள ஓரங்களைக் கிழித்தால் முன்பகுதியும் பின்பகுதியும் பிரிந்துவிடும். பிறகு கால்களுக்கு இடையே பின்பக்கமாக எடுத்துவிடலாம். அப்படிக் கிழிவதற்காகவே அந்த ஓரங்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன.

குழந்தையிலிருந்து முதியோர்வரை

உள்ளாடைபோல மாட்டும் டயப்பர் முதலில் குழந்தைகளுக்காகவே வந்தது. அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம், கழிப்பறைப் பழக்கம் கற்கும் குழந்தைகளுக்காக 1989ல் ‘ஹக்கீஸ் புல்-அப்ஸ்’ கால்சட்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானின் யூனிசார்ம் நிறுவனம் 1992ல் ‘மூனிமேன்’ என்ற பேன்ட்ஸ் டயப்பரை அறிமுகம் செய்தது. சிங்கப்பூர்ப் பெற்றோருக்குப் பழக்கமான ‘மாமிபோக்கோ’வும் அதே நிறுவனத்தின் தயாரிப்புதான்.

பெரியவர்களுக்கான பேன்ட்ஸ் வகைகளும் பின்னர் பரவலாயின. 2030ஆம் ஆண்டுவாக்கில் சிங்கப்பூரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். எனவே, இது குழந்தை வளர்ப்போரின் விஷயமாக மட்டும் இனி இருக்காது.

தாங்கவும் வேண்டும், கிழியவும் வேண்டும்

பேன்ட்ஸ் டயப்பரின் பக்கப் பகுதிகள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் இழைகளால் ஆன நெய்யாத துணி. அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய எலாஸ்டிக் இழைகள் இடுப்பைச் சுற்றிப் படுக்கைவாட்டில் ஓடுகின்றன. முன்துணியின் ஓரமும் பின்துணியின் ஓரமும் சேரும் இடத்தில் ஊசியோ நூலோ கிடையாது. சூடேற்றி அழுத்தியோ மீயொலி அதிர்வாலோ துணியைச் சிறு புள்ளிகளாக உருக்கி ஒட்டுகிறார்கள். இந்தப் புள்ளி வரிசைதான் பக்க ஓரம்.

அணியும்போது இடுப்புப் பகுதியைப் பிடித்து மேலே இழுக்கிறோம். குழந்தை ஓடுகிறது, குந்துகிறது. சிறுநீரை உறிஞ்சிய டயப்பர் கனத்துக் கீழே தொங்குகிறது. இத்தனையையும் ஓரம் தாங்க வேண்டும். ஆனால், கழற்றும் வேளையில் மூட்டுவலி உள்ள கைக்கும் அது எளிதில் பிரிய வேண்டும்.

ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஓரம் எப்படிச் செய்கிறது? பத்துப் பேர் சேர்ந்து தூக்கும் பாரத்தை ஒருவர் தலையில் மட்டும் வைத்தால் அவரால் தாங்க முடியாது. அணிந்திருக்கும்போது இழுவிசை ஓரத்தின் எல்லாப் புள்ளிகளுக்கும் பகிர்ந்துபோகிறது. கையால் பிரிக்கும்போதோ முழு விசையும் முனையில் உள்ள ஓரிரு புள்ளிகள்மீது விழுகிறது. அவை விட்டதும் அடுத்த புள்ளி, பிறகு அதற்கடுத்தது என்று வரிசையாகப் பிரிகின்றன.

சூடு குறைந்தால் ஓரம் அணியும்போதே விட்டுவிடும். சூடு மிஞ்சினால் ஒட்டிய இடம் தடித்து விறைப்பாகித் தோலை உறுத்தும். பிரிக்கும்போது ஒட்டுக்குப் பதிலாகப் பக்கத்துத் துணி கிழியும். கிழிசல் அப்படித் திசைமாறிப் போனால் எலாஸ்டிக் இழைகள் குறுக்கே வரும். அவை அறுபடாமல் ரப்பர்போல நீளும். அழுக்கு டயப்பர் கையிலேயே தொங்கும். ஆகவே, தபால்தலைத் தாளின் துளை வரிசையைப்போலப் புள்ளி வரிசையும் கிழிசலுக்கு நேர்வழி காட்ட வேண்டும். சில வகைகளில் பக்க ஓரத்தைத் திரும்பத் திறந்து மூடும் ஒட்டுகளும் உள்ளன.

கழற்றும் முறை

முதலில் ஈரத்துடைப்பான், குப்பைப் பை, புதிய டயப்பர் ஆகியவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்க ஓரத்தின் இருபுறமும் இடுப்பருகே பிடித்து, ஒட்டின் வழியாகவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதற்குப் பொட்டலத்தில் உள்ள படத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மறுபக்கத்தைப் பிரிக்கும்போது ஒரு கையால் டயப்பரைத் தாங்கிக்கொண்டால் உள்ளே இருப்பது சிந்தாது. முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, குறிப்பாகப் பெண்களுக்கு, சிறுநீர்த்தொற்று அபாயத்தைக் குறைக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கிழிப்பது கழற்றுவதற்கு மட்டுமே உதவும். புதியதைக் கால்வழியாகத்தான் ஏற்ற வேண்டும். அதைப் பாட்டியை உட்கார வைத்துச் செய்வது பாதுகாப்பானது. நடக்கவும் எழுந்து நிற்கவும் முடிந்தவர்களுக்கு பேன்ட்ஸ் வகை பொருந்தும். படுத்த படுக்கையாக இருப்போருக்குப் பக்கவாட்டில் ஒட்டும் வகையே வசதியானது.

கழற்றிய பிறகு

மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை இறுகச் சுருட்ட வேண்டும். பல வகைகளில் இதற்கென்றே பின்புறம் ஓர் ஒட்டுப்பட்டை இருக்கும். பிறகு பையில் கட்டிக் குப்பையில் போடலாம். டயப்பரைக் கழிப்பறையில் போடவே கூடாது. அதிலுள்ள உறிஞ்சும் துகள்கள் நீரில் ஊதிக் குழாயை அடைத்துவிடும். நீல நிற மறுசுழற்சித் தொட்டியிலும் போடக் கூடாது. அதிலுள்ள மற்றப் பொருள்களும் பாழாகும். குப்பையில் போகும் டயப்பர் எரிஆலைக்குப் போகிறது. அதன் சாம்பல், 1999ல் திறக்கப்பட்ட செமாக்காவ் தீவு நிலநிரப்பிடத்தைச் சென்றடைகிறது.

வீட்டிலேயே பராமரிப்புச் சேவை பெறும் தகுதியுள்ள மூத்தோர், டயப்பர் போன்ற பொருள்களுக்கு அரசாங்க மானியம் பெறலாம். விவரங்களை ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்டறியலாம்.

வாங்கும்போது முதலில் ஒரு சிறு பொட்டலம் போதும். வீட்டில் டயப்பர் மாற்றுபவர் எவரோ, அவரே ஒன்றைக் கிழித்துப் பார்க்கட்டும். ஓரம் நேராகப் பிரிந்தால், பாட்டி ஒரு காலைக்கூடத் தூக்காமல் பழைய டயப்பரிலிருந்து விடுபடலாம்.