கூப்பிட்டால் வருமா ரயில்? (போடி பாதையின் கதை)

கம்ப்யூட்டர் கேம்களில் தொழிற்சாலை கட்டும் வகை ஒன்று உண்டு. அதில் பேர் போனது, செக் நாட்டுக்காரர்கள் செய்த ஃபேக்டோரியோ. இரும்பைத் தோண்டி, உருக்கி, பெல்ட் போட்டு நகர்த்தி, கடைசியில் ராக்கெட் விடுவது வரை போகும். நடுவில் ரயிலும் விடலாம். சரக்கு ரயில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, பயணிகள் ரயில். எந்த ஸ்டேஷனில் நிற்கிறோமோ அங்கே ஒரு பொத்தானை அமுக்கினால், எங்கோ சும்மா நிற்கும் ரயில் கிளம்பி நம்மைத் தேடி வர வேண்டும்!

2020-ல் வந்த 1.1 பதிப்பில் இதற்கு நல்ல வழி பிறந்தது. ஒரு ஸ்டேஷனுக்கு எத்தனை ரயில் வரலாம் என்று எண் கொடுக்கலாம். எண் பூஜ்யம் என்றால் ரயில் வராது. ஒன்று ஆக்கினால் வரும். அவ்வளவுதான் சூத்திரம்.

கேட்க எளிது. கட்டிப் பார்த்தால் முதல் நாளே ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது. ரயிலைக் கூப்பிடுவது பெரிய காரியமே இல்லை. அது வரும் வழி காலியாக இருக்கிறதா என்பதுதான் தலைவலி.

தென்னக ரயில்வேக்காரர்களுக்கு இந்தத் தலைவலி ரொம்பப் பழசு. 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்கும், 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கும் தென்னிந்திய ரயில்வே பாதை போட்டது. எல்லாம் மீட்டர்கேஜ், எல்லாம் ஒற்றைப் பாதை. இப்படிப்பட்ட பாதைகளில் பிற்காலத்தில் பரவலாக வந்தது பந்து டோக்கன் கருவி. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி. உள்ளே எஃகுப் பந்துகள். இரண்டு பெட்டிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. இந்த ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்து "லைன் கிளியரா?" என்று கேட்க வேண்டும். அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதித்தால்தான் இங்கே பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை அடுத்த பந்து எந்தப் பக்கமும் வராது. பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். பந்து கையில் இல்லாத டிரைவர் வண்டியை எடுக்க முடியாது.

வளையத்தை ஓடும் ரயிலிலிருந்தே லாவகமாகப் பிடித்து, பழைய வளையத்தை வீசுவதை மீட்டர்கேஜ் காலத்தில் பயணம் செய்த பெரியவர்கள் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ரயிலைக் கேட்கும் உரிமை இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு இருந்தது. பிளாட்பாரத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. அப்படியானால் பொத்தான் யார் கையில்? மதுரை–போடிநாயக்கனூர் பாதையின் கதை இதற்கு நல்ல உதாரணம்.

போடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கும் ஊர். மேலே ஏலமலை, அதற்கப்பால் மூணாறு டீ எஸ்டேட்டுகள். மூணாறில் 1902-ல் ஒரு மோனோரயில் போட்டார்கள். 1908-ல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். டீப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கோட்டக்குடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடி. 1924-ல் வந்த பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது, திரும்பக் கட்டவே இல்லை. நான்கு வருடம் கழித்து, 1928-ல், மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை வந்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டி வழி உண்டாக்கினார்கள். முதலில் கூப்பிட்டவை ஏலமும் டீயும்தான். ஜனங்கள் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

பதினைந்து வருடம்கூட ஒழுங்காக ஓடவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. இரும்புக்குப் பஞ்சம். நாடு முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட கிளைப் பாதைகளைப் பெயர்த்தார்கள். கேரளத்தில் ஷொர்ணூர்–நிலம்பூர் பாதை போயிற்று. இங்கே போடி பாதை போயிற்று. கொடுமை என்னவென்றால் அதே நேரத்தில் பெட்ரோலுக்கும் ரேஷன். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுக்கும் கருவியைத் தயாரித்து பஸ்களில் மாட்டியது. தண்டவாளம் போன ஊர்க்காரர்களுக்குக் கரிவாயு பஸ்தான் கதி. கூப்பிட்டது யுத்தம், கொடுத்தது தேனிப் பக்கத்து ஜனங்கள்!

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-களில் பாதையை மறுபடி போட்டார்கள். அதன்பின் ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தச் சின்ன ரயில் ஆற அமர ஓடியது. வேகம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ரோட்டில் கையைக் காட்டினால் நிற்கும் பஸ்ஸோடு அது போட்டி போடவும் இல்லை. ஆனால் டிக்கெட் மலிவு. மதுரைக்கு வேலைக்கும், படிப்புக்கும், ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

1992-ல் ரயில்வே எல்லாப் பாதைகளையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. மீட்டர்கேஜின் அகலம் ஒரு மீட்டர், அகலப்பாதை 1.676 மீட்டர். இந்த முக்கால் மீட்டர்கூட இல்லாத வித்தியாசத்துக்காக ஒவ்வொரு பாலத்தையும் வளைவையும் திருத்த வேண்டும். திட்டம் சரியானதுதான், மறுப்பதற்கில்லை. மீட்டர்கேஜ் எஞ்சின் சென்னை பாதையில் ஏற முடியாது. 2010 கடைசியில் போடி ரயிலை நிறுத்தினார்கள்.

நிறுத்தியது ஒரே நாளில். திரும்ப வந்தது பதினோரு வருடத்துக்கும் மேல் கழித்து! இடையில் பணம் போதாமல் வேலை இழுத்தது, ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள், போராட்டம் நடத்தினார்கள். ரயில் போன ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த உசிலம்பட்டிப் பிள்ளை பிளஸ் டூ நெருங்கும்வரை தன் ஊரில் ரயிலில் ஏறியிருக்க முடியாது. பாதையும் துண்டு துண்டாகத்தான் முடிந்தது. முதலில் உசிலம்பட்டி, பிறகு ஆண்டிபட்டி, பிறகு தேனி. 2022 மே 26 அன்று சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் மதுரை–தேனி 75 கிலோமீட்டரைத் திறந்துவைத்தார். செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல். மிச்சமிருந்த 15 கிலோமீட்டர் 2023 ஜூன் 15 அன்று திறந்தது. சென்னையிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ், வாரம் மூன்று நாள் என்ற கணக்கில், போடி வரை நீண்டது. போடிக்கு நேராகச் சென்னை ரயில் வந்தது அதுவே முதல் தடவை.

பயணி பொத்தானை அமுக்கினால் ரயில் நிற்பது உலகத்தில் எங்குமே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடகோடிப் பாதையில் ஆள் நடமாட்டம் குறைந்த சில ஸ்டேஷன்களில் 2022 முதல் பொத்தான் பெட்டி வைக்கத் தொடங்கினார்கள். அமுக்கினால் வரும் ரயிலின் டிரைவருக்குத் தகவல் போகும். ஆனால் அங்கேயும் ரயிலை நிறுத்தத்தான் முடியும். இல்லாத ரயிலை வரவழைக்க முடியாது. அது ஃபேக்டோரியோவில் மட்டும்தான்.

தேனிக்குத் தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கத்தில் இன்னும் தண்டவாளமே கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர்கேம்ப் வரை ஒரு பாதை வேண்டும் என்று அங்குள்ளவர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.