மாணிக்கம் என்று அழைக்கப்பட்ட மனிதர்கள்

குழந்தை பிறந்த ஏழாம் நாளில் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுவது நபிவழி. அந்த ஏழு நாட்களுக்குள் நம் இல்லங்களில் எத்தனையோ பெயர்கள் பேசப்படுகின்றன. அவற்றுள் யாகூத், மர்ஜான், ஜவ்ஹர், அல்மாஸ், துர்ரா, ஜுமானா, ஃபைரோஸா போன்ற இரத்தினப் பெயர்களும் இடம்பெறுவதுண்டு. பெயர்ப் பட்டியலைப் புரட்டினால் மாணிக்கம், பவளம், வைரம், முத்து என்று பொருள் கிடைத்துவிடும். ஆனால் அப்பெயர்களை நமக்கு முன் சுமந்து வாழ்ந்தவர்கள் யாவர் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. பெயரின் பொருளை அகராதி தரும். அதன் கண்ணியத்தை வரலாறுதான் தரும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். இன்று தூய அரபு என்று நாம் கருதும் இப்பெயர்களுள் பல, வேறு மொழிகளிலிருந்து அரபுக்கு வந்தவை. 'யாகூத்' என்பதன் மூலம் 'ஹியாகிந்தோஸ்' என்ற கிரேக்கச் சொல். அது அரமேய மொழியின் வழியாக அரபை அடைந்தது. 'அல்மாஸ்', 'ஸுமுர்ருத்' ஆகியவையும் கிரேக்க வேர் கொண்டவை. 'ஜவ்ஹர்' என்பது பாரசீகத்தின் 'கவ்ஹர்'. 'ஃபைரோஸ்' என்ற பாரசீகச் சொல்லின் மூலப்பொருள் வெற்றி; நீலப்பச்சைக் கல்லுக்கு அப்பெயர் பின்னர் அமைந்தது. கற்கள் வணிகர்களின் கைமாறி வந்த வழியிலேயே அவற்றின் பெயர்களும் வந்து சேர்ந்தன.

இச்சொற்களுள் சிலவற்றைத் திருக்குர்ஆன் கையாண்டு சிறப்பித்திருக்கிறது. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தும் மர்ஜானும் கடலின் அருட்கொடைகளாகக் கூறப்படுகின்றன. சுவனத்துத் துணைவியர் யாகூத்துக்கும் மர்ஜானுக்கும் ஒப்பிடப்படுகின்றனர். மர்ஜான் என்பதற்குப் பவளம் என்றும் சிறு முத்து என்றும் விரிவுரையாளர்கள் இருவகையாகப் பொருள் கூறியுள்ளனர்.

நபி (ஸல்) அவர்களின் காலத்து அரபுக் குடும்பங்களில் முத்தின் பெயர் பெண்மக்களுக்கு வழங்கியது. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகள் துர்ரா. அபூலஹபின் மகளாகப் பிறந்தும் இஸ்லாத்தைத் தழுவிய பெண்மணியின் பெயரும் துர்ராவே. அபூதாலிபின் மகளுக்கு ஜுமானா என்று பெயர். இவை பெற்றோர் அன்புடன் சூட்டிய பெயர்கள்.

பின்னாளில் நிலைமை மாறியது. அப்பாஸியர் ஆட்சியில் பக்தாத் செல்வத்தில் கொழித்தபோது, ரோம், ஆர்மீனியா, துருக்கியர் நிலம், அபிசீனியா ஆகிய பகுதிகளிலிருந்து சிறுவரும் சிறுமியரும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய பிறப்புப் பெயர்கள் மறக்கடிக்கப்பட்டன. விலை கொடுத்து வாங்கியவர்கள் தமக்குப் பிரியமான பொருள்களின் பெயர்களை அவர்களுக்கு இட்டனர்: யாகூத், லுஃலுஃ, ஜவ்ஹர், மர்ஜான் என்று இரத்தினங்கள், காஃபூர், அன்பர் என்று வாசனைப் பொருள்கள். கேட்க இனிமையான பெயர்கள்தாம். ஆயினும் அவை உடைமைக்கு உடையவர் இட்ட பெயர்கள் என்பதை மறுக்க இயலாது.

இதற்குத் தலைசிறந்த சான்று புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவி. 1179ஆம் ஆண்டளவில் ரோமானிய நிலத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே சிறைப்பட்டுப் பக்தாதில் விற்கப்பட்டார். அவரை வாங்கிய வணிகருக்கு எழுத்துப் பயிற்சி இல்லை. கணக்கெழுத ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக அச்சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தக் கல்விதான் பின்னர் உலகுக்குப் பயன்பட்டது.

அவருடைய முழுப்பெயரைக் கவனியுங்கள்: யாகூத் இப்னு அப்துல்லாஹ் அர்ரூமீ அல்ஹமவி. 'யாகூத்' அடிமைக்கு இட்ட பெயர். 'அர்ரூமீ' அவர் பிடிபட்ட நிலத்தைக் குறிப்பது. 'அல்ஹமவி' அவருடைய எஜமானரின் பூர்விகமான ஹமா நகரைச் சுட்டுவது. 'இப்னு அப்துல்லாஹ்' என்பதோ, தந்தை பெயர் அறியப்படாத அடிமைகளுக்கு வழக்கமாகச் சேர்க்கப்பட்ட தொடர். ஈன்றவர்கள் இட்ட ஒரு சொல்கூட இந்த நீண்ட பெயரில் இல்லை.

விடுதலை பெற்ற பின் நூல்களைப் படியெடுத்தும் புத்தக வணிகம் செய்தும் வாழ்ந்தார். மர்வ் நகரத்து நூலகங்களில் ஆய்வில் மூழ்கியிருந்தார். அங்கிருந்து இருநூறு நூல்களுக்கு மேல், பெரும்பாலும் ஈடு எதுவுமின்றியே, எப்போதும் தம் வீட்டில் இருந்தன என்று அவரே நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார். மங்கோலியர் படையெடுப்பால் அனைத்தையும் விட்டுத் தப்பி வந்து, ஊர்களின் பெயர்களை அகரவரிசையில் விளக்கும் 'முஃஜமுல் புல்தான்' என்ற பெருநூலை எழுதினார். 1229ஆம் ஆண்டு ஹலப் நகருக்கு வெளியே ஒரு சத்திரத்தில், ரமளான் மாதத்தில், வஃபாத்தானார். தம் நூல்களைப் பக்தாதிலுள்ள ஒரு பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்திருந்தார்.

அவரைப் பற்றி இப்னு கல்லிகான் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். யாகூத் புகழ்பெற்றபின் தமக்கு யஅகூப் என்று பெயர் வைத்துக்கொண்டாராம். ஆயிரக்கணக்கான ஊர்களின் பெயர்களுக்கு மூலம் தேடிய அம்மனிதர், தமக்கென ஒரு நபியின் பெயரைத் தேர்ந்துகொண்டார். ஆனால் உலகம் அவரை யாகூத் என்றே அழைத்தது, இன்றும் அழைக்கிறது.

எகிப்தின் அரசி ஷஜருத்துர்ரின் வாழ்விலும் இதையொத்த செய்தி உண்டு. 'முத்து மரம்' என்ற பொருள்படும் அப்பெயருடன் அடிமையாக அரண்மனைக்கு வந்தவர் அவர். 1249இல், சிலுவைப் படை எகிப்துக்குள் நுழைந்திருந்த வேளையில், கணவர் சுல்தான் ஸாலிஹ் அய்யூப் இறந்தார். அச்செய்தியை மறைத்து வைத்துப் படையின் உறுதி குலையாமல் காத்தார். 1250இல் அரியணை ஏறினார். அவருக்காகக் குத்பாவில் துஆ ஓதப்பட்டது, நாணயம் அச்சிடப்பட்டது. அங்கெல்லாம் அவரை முன்னிறுத்திய அடையாளம், 'கலீலின் தாய்' என்பது. கலீல் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்ட அவருடைய மகன்.

இவ்விருவரும் உயர்நிலை எய்தியபின், ஒருவர் நபியின் பெயரையும், மற்றொருவர் தம் மகனின் தாய் என்ற உறவையும் முன்வைத்தனர். மனிதன் மதிப்புமிக்க பொருளாக அல்ல, மனிதனாகவே அழைக்கப்பட விரும்புகிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் மார்க்கம் இந்த உணர்வை முன்பே அறிந்திருந்தது. தம்மிடம் இருப்போரை 'என் அடிமை' என்று சொல்லாமல் 'என் பணியாள்' என்பது போன்ற சொற்களால் அழைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்கவும், தந்தையரை அறியாவிடில் மார்க்கச் சகோதரர்களாகக் கொள்ளவும் அல்அஹ்ஸாப் அத்தியாயம் கட்டளையிடுகிறது. 'இப்னு அப்துல்லாஹ்' என்ற தொடரை இந்த ஒளியில் பாருங்கள். அது இழப்பின் அடையாளம்தான். ஆயினும் அப்துல்லாஹ் என்பது அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான பெயர்களில் ஒன்று. அரசனும் அடிமையும் அல்லாஹ்வின் அடியார்களே என்ற உண்மை அப்பெயரில் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் இரத்தினப் பெயர்களைத் தவிர்க்க வேண்டுமா? தேவையில்லை. அடிமையாக வந்த ஜவ்ஹர் 969இல் கெய்ரோ நகரை நிறுவினார். அல்அஸ்ஹர் பள்ளிவாசலும் அவர் கட்டுவித்ததே. அடிமையாக வந்த லுஃலுஃ மோசூலின் ஆட்சியாளரானார். இன்னொரு யாகூத், பக்தாதின் கடைசி அப்பாஸிய கலீஃபாவிடம் பணியாற்றி, குர்ஆன் எழுத்துக்கலையின் பேராசானாக 1298வரை வாழ்ந்தார். விலைப்பொருளின் பெயராக வந்ததை இவர்கள் தம் உழைப்பால் விலைமதிப்பற்றதாக்கினர். முத்துக்குளித்தலும் முத்து வணிகமும் செழித்த நம் கடற்கரை ஊர்களிலோ, அரபுச் சொல்லைத் தேடாமலே முத்து மீரான், முத்து வாப்பா என்று அன்போடு பெயரிட்டு வந்திருக்கிறார்கள். துர்ரா, ஜுமானா என்று பெயரிட்ட அரபுத் தந்தையரின் அன்பும் இதுவும் ஒன்றே.

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு யாகூத் என்றோ துர்ரா என்றோ பெயர் சூட்டினால் அதன் பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். அப்பெயரைச் சுமந்து, தாய்தந்தையரை இழந்து, கல்வியால் உயர்ந்தவர்களின் கதையையும் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்குப் பெயரிட்டவர்கள் பெற்றவர்களே என்பது எத்தகைய நிஃமத் என்பதை அப்போது அவர்கள் உணர்வார்கள். நம் பிள்ளைகளை நல்ல பெயருக்குரிய நல்லடியார்களாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.