கடன்காரர் வரைந்த வட்டம்

தமிழில் ‘கடன்காரர்’ என்னும் சொல் இருவரைக் குறிக்கும். கடன் வாங்கியவரும் கடன்காரர். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வருபவரும் கடன்காரர். எவர் என்பதை வாக்கியமே முடிவு செய்யும். மலையாளத்தில் ‘கடம்’ என்பதிலிருந்து பிறந்த ‘கடக்காரன்’ கடன்பட்டவனைச் சுட்டும். அதே ஒலிவடிவம் கடை வைத்திருப்பவனையும் சுட்டும். திருவனந்தபுரத்து வலியசாலையில் தமிழ் பேசும் அக்கிரகாரத் தெருக்களும், திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருப்பெற்ற சாலைக் கடைத்தெருவும் அருகருகே அமைந்துள்ளன. இப்பொருள்கள் அனைத்தும் அங்கு ஒரே நாளில் ஒரே காதில் விழக்கூடும்.

தமிழ்ச் சொல்லின் இந்த இருபொருள் தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அது ஒரு வரலாற்றுக்குப் பொருந்தி நிற்கிறது. கடன் கேட்கும் முறை, நெடுங்காலம் கேட்பவரையும் கேட்கப்படுபவரையும் சேர்த்தே கட்டியது. இன்று நாளுக்குப் பல முறை கைபேசியில் ஒலிக்கும் வசூல் அழைப்பு, அக்கட்டின் ஒரு முனையை அவிழ்த்துவிட்டது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கு நிலவிய வழக்கம் ஒன்றைப் பதிவு செய்கிறார். பலமுறை கேட்டும் தவணை சொல்லியே காலம் கடத்தும் கடனாளியைக் கண்டால், கொடுத்தவர் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைவார். பணம் தரும்வரை, அல்லது தகுந்த ஈடு தரும்வரை, கடனாளி அவ்வட்டத்தைத் தாண்டலாகாது. அரசனிடம் பணம் வரவேண்டியிருந்த ஓர் அயல்நாட்டு வணிகர், குதிரை மேலிருந்த அரசனையே வட்டத்துக்குள் நிறுத்தினார் என்றும், கணக்குத் தீரும்வரை அரசன் நகரவில்லை என்றும் போலோ எழுதுகிறார்.

1510இல் பயணநூல் வெளியிட்ட இத்தாலியரான வர்த்தேமா, கோழிக்கோட்டில் இதே வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அங்கே கடன் கொடுத்தவர் பச்சைக் கிளை ஒன்றைக் கொண்டு வட்டமிட்டு, அரசன் பெயரால் மும்முறை ஆணையிடுகிறார். 1727இல் வெளியான அலெக்சாண்டர் ஹாமில்ட்டனின் நூலிலும் மலபாரைப் பற்றிய பகுதியில் இச்செய்தி உண்டு. அவர் கூற்றுப்படி, நீதிபதி ஒருவர் தம் ஆளிடம் சிறு கோல் ஒன்றைக் கொடுத்தனுப்புவார். அக்கோலால்தான் வட்டம் வரையப்படும். மீறுவோருக்கு மரண தண்டனை என்பது போன்ற கூற்றுகளைப் பயணிகளின் மிகையாகக் கொண்டாலும், நான்கு நூற்றாண்டு இடைவெளியில் தென்னிந்தியாவின் இரு கரைகளிலும் ஒரே வடிவில் பதிவான வழக்கத்தைப் புறக்கணிக்க இயலாது.

அவ்வட்டம் கொடியது. பசியோடும் வெயிலிலும் ஒருவரைப் பலர் முன்னே நிறுத்துவது அவமதிப்பே. ஆனால் அதற்கு எல்லைகள் இருந்தன. மலபார்க் குறிப்புகளின்படி, வரைவதற்கு ஓர் அதிகாரத்தின் இசைவு வேண்டும். வரைபவர் நேரில் வர வேண்டும். சுற்றி நிற்போர் சாட்சிகளாவர். வட்டத்துக்குள் நிற்பவர் கடன்பட்டவர் மட்டுமே. அவர் மைத்துனரோ உடன் பணிபுரிபவரோ அல்லர்.

வட இந்தியாவில் இதற்கு இணையானது ‘தர்ணா’. கடன் கொடுத்தவர், அல்லது அவர் பொருட்டு ஓர் அந்தணர், கடனாளியின் வாசலில் உண்ணாமல் அமர்வார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை விவரித்த ஜான் ஷோர், வீட்டிலிருப்பவரும் உண்ணாமலிருப்பதே முறை எனக் கருதப்பட்டதைக் குறிப்பிடுகிறார். கேட்பவரின் பசியே கேள்விக்கு வலிமை தந்தது. 1875இல் ஹென்றி மெய்ன் இதைப் பண்டைய அயர்லாந்துச் சட்டத்தில் காணப்படும் உண்ணாநோன்போடு ஒப்பிட்டார். அங்கும் உயர்நிலையில் இருந்த கடனாளியின் வாசலில், கொடுத்தவர் பட்டினி கிடந்தே தம் உரிமையை நிலைநாட்டத் தொடங்கினார்.

காலனிய அரசு இதனைக் குற்றமாக்கியது. தெய்வக் குற்றம் நேரும் என்று நம்பவைத்து ஒருவரைக் கட்டாயப்படுத்துவதைத் தண்டிக்கும் பிரிவு 508, 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்றது. அதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டுகளில் முதலாவது, பிறர் வாசலில் தர்ணா அமர்வதே. சொல்லின் பிற்கால வாழ்வு வேறு திசையில் சென்றது. பிடித்து நிறுத்தல் என்னும் வேர்ப்பொருளுடைய தர்ணா, இன்று தமிழிலும் மலையாளத்திலும் அரசியல் போராட்டத்தின் பெயர். தடுத்து நிறுத்தலைக் குறித்த ‘மறியல்’ தமிழ்நாட்டில் போராட்டமாயிற்று. இலங்கைத் தமிழில் சிறைக்காவலாகவே நின்றது.

வட்டமும் வாசலும் மறைந்த இடத்தில் நீதிமன்றம் வந்தது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் கடனாளியைக் கைது செய்ய இடமளித்தது. கூடவே வரம்பும் விதித்தது. சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும், கைது செய்வதற்காகக் குடியிருப்பு வீட்டினுள் நுழையக் கூடாது. பணத் தீர்ப்பின் பேரில் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. பேங்க் ஆஃப் கொச்சின் தொடர்பான வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. பாலக்காட்டுத் தமிழ் அக்கிரகாரத்தில் பிறந்தவரான நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய அத்தீர்ப்பு, கொடுக்க வழியின்மை மட்டுமே ஒருவரைச் சிறையிடக் காரணமாகாது என்றது. வசதியிருந்தும் தீய நோக்கோடு மறுப்பது நிறுவப்பட வேண்டும். வறுமை குற்றமன்று என்பது இவ்வாறு சட்டமாயிற்று.

இன்றைய வசூல் அழைப்பு இவ்வரம்புகள் அனைத்தையும் சுற்றிக்கொண்டு வருகிறது. அழைப்பவர் பெரும்பாலும் கடன் கொடுத்தவர் அல்லர். வங்கி ஒப்பந்தம் செய்த முகமையின் ஊழியர். அவருக்குப் பசிப்பதில்லை, வெயில் சுடுவதில்லை. எண் மாறும், குரல் மாறும், கேள்வி மாறாது. அக்கிரகாரத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்றால் எதிர்த்திண்ணைக்குத் தெரியும். வரம்பு மீறினால் தட்டிக்கேட்க ஒருவர் எழுந்து வரவும் கூடும். கைபேசி அழைப்புக்குச் சாட்சியில்லை. அதே வேளை, கடனாளியின் தொடர்புப் பட்டியலைக் கைப்பற்றிய செயலி, ஊரெங்கும் அவமானத்தைப் பரப்ப வல்லது. சாட்சியற்ற மிரட்டல், எல்லையற்ற அவமதிப்பு: பழைய வட்டத்தின் கொடுமை எஞ்சி, அதன் எல்லைகள் அழிந்த நிலை இது.

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளை இப்பின்னணியில் வாசித்தால் அவை புதியனவாகத் தோன்றா. வசூல் முகவர் வங்கியின் அதிகாரக் கடிதமும் அடையாள அட்டையும் வைத்திருக்க வேண்டும் என்றது 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. ஹாமில்ட்டன் கண்ட கோலின் இன்றைய வடிவம் அது. 2022 ஆகஸ்ட் 12ஆம் நாளைய சுற்றறிக்கை, நிலுவைக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைப்பதையும், இடைவிடாது அழைப்பதையும், குடும்பத்தார், நண்பர் ஆகியோரின் தனிமையில் தலையிடுவதையும் விலக்கியது. முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு என்றும் கூறியது. நுண்கடன்களுக்கு இவ்வரம்பு காலை 9 முதல் மாலை 6 வரை. 2022 செப்டம்பரில் வெளியான மின்னணுக் கடன் வழிகாட்டுதல்கள், செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் தொடக் கூடாது என்றன. 1908இல் சூரியனைக் கொண்டு வரைந்த கோடு, இப்போது கடிகாரத்தைக் கொண்டு வரையப்படுகிறது.

ஒரு குறை எஞ்சுகிறது. ‘இடைவிடாது’ என்றால் எத்தனை முறை? 2022ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை எண் சொல்லவில்லை. அமெரிக்கச் சட்டம் 1977இலேயே அழைப்பு நேரத்தை வரையறுத்தது. 2021இல் நடைமுறைக்கு வந்த விதி, ஒரு கடனுக்காக ஏழு நாள்களில் ஏழு முறைக்கு மேல் அழைத்தால் அது துன்புறுத்தலாகக் கருதப்படும் என எண்ணிக்கையையும் தந்தது. எண் இருந்தால் கைபேசியின் அழைப்புப் பட்டியலே சாட்சியாகும். எண் இல்லாதவிடத்து, துன்புற்றதை நிறுவும் சுமை துன்புற்றவர் மீதே விழுகிறது.

ஆகவே தேதி, நேரம், எண், பேசியவர் சொன்ன பெயர், முகமையின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைப்பதும், அதிகாரக் கடிதத்தைக் கேட்பதும், வங்கியிடம் எழுத்து வடிவில் முறையிட்டு, தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகுவதும் கடனிலிருந்து தப்பும் வழிகள் அல்ல. கடன் கடனாகவே இருக்கும். அதைக் கேட்கும் உரிமையும் இருக்கும். கேட்பவரும் ஒரு வரம்புக்குள் நின்றே கேட்க வேண்டும் என்னும் பழைய நெறியை மீட்கும் செயல் அது. ‘கடன்காரர்’ என்ற ஒரே சொல்லில் இருவரையும் வைத்த மொழிக்கு அந்நெறி அயலானதன்று.