எடை குறையணும், ஆனா ஆடக் கூடாது! ட்ரைபாட் வாங்கும் முன் இதைப் பாருங்க

கன்னியாகுமரியில் சூரிய உதயம் எடுக்க இருட்டோடு எழுந்து போய் நிற்கிறீர்கள். வெளிச்சம் கம்மி என்பதால் ஷட்டர் ஒரு விநாடியாவது திறந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று ஒரு தட்டு தட்டுகிறது... மொத்தப் படமும் ஷேக்! காற்று இன்னும் கொஞ்சம் பலமா அடிச்சா, ஆசை ஆசையாய் வாங்கிய கேமராவே பாறையில் குப்புற விழும்.

'லைட்வெயிட்' என்ற ஒரே வார்த்தையை நம்பி ட்ரைபாட் வாங்கினால் இதுதான் நிலைமை. அதுக்காக ரொம்ப கனமானதை வாங்கினா, அது வீட்டு மூலையிலேயேதான் கிடக்கும். 1 முதல் 1.5 கிலோ எடைக்குள்ளேயே உறுதியான ட்ரைபாட் கிடைக்கும். எதைக் கவனிக்கணும்?

எவ்வளவு தாங்கும்?

கேமரா, லென்ஸ் இரண்டின் எடையையும் கூட்டுங்கள். ட்ரைபாட் தாங்கும் எடை அதைப்போல 2, 3 மடங்கு இருக்கட்டும். உங்கள் செட் 1 கிலோ என்றால், 3 கிலோ தாங்குவது நல்லது. மேலே இருக்கும் பால் ஹெட் எவ்வளவு தாங்கும் என்பதையும் தனியாகப் பாருங்கள்.

கால் எத்தனை மடிப்பு?

5 மடிப்புக் கால் பைக்குள் குட்டியாக அடங்கும். ஆனால், மடிப்பு கூடக் கூட கடைசிக் குழாய் மெலிந்துகொண்டே போகும், ஆட்டமும் கூடும். பயணத்துக்கு 4 மடிப்பு சரியான சமரசம்.

நடுத்தண்டை நம்பாதீங்க!

நடுத்தண்டை முழுசா உயர்த்தினா, மூணு காலில் நிற்க வேண்டிய கேமரா ஒத்தைக் காலில் நிற்கிற மாதிரி ஆகிடும். அதனால், தண்டை உயர்த்தாமலே கேமரா உங்கள் கண் மட்டத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

அலுமினியமா, கார்பன் ஃபைபரா?

கார்பன் ஃபைபர் எடை குறைவு, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும். ஆனால், விலை அதிகம். பட்ஜெட் இடிக்குதா? மலிவான கார்பனைவிட, தடிமனான கால்கள் கொண்ட நல்ல அலுமினியமே மேல்.

கடையிலேயே ஒரு டெஸ்ட்

கால்களை முழுசா நீட்டி, பூட்டி நிறுத்துங்கள். மேல்தட்டைப் பிடித்து லேசாக முறுக்குங்கள். மேலிருந்து மெதுவாக அழுத்துங்கள். கால் நெளிந்தாலோ, பூட்டு வழுக்கினாலோ அதை அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க. ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டில் இதைச் செய்யுங்கள்.

வாங்கியாச்சு... அப்புறம்?

* முதலில் தடிமனான மேல் மடிப்புகளை நீட்டுங்கள். மெலிந்த கடைசி மடிப்பு, தேவைப்பட்டால் மட்டும்.
* ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் இருக்கட்டும். சரிவான இடத்தில் ஒரு கால் பள்ளத்தின் பக்கம் நிற்கட்டும்.
* காற்றடித்தால் நடுத்தண்டின் கொக்கியில் பையை மாட்டுங்கள். பை தரையை லேசாகத் தொடட்டும். ஊஞ்சலாடினால் அதுவே படத்தைக் கெடுக்கும்.
* ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் வையுங்கள்.
* கடற்கரையிலிருந்து திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். உப்பும் மணலும் பூட்டுகளைக் காலி பண்ணிடும்.

போன் மட்டும்தான் இருக்கா? போனைக் கவ்வும் கிளாம்ப் இறுக்கமாக இருந்தால் சின்ன ட்ரைபாடே போதும். மிச்சக் காசுக்கு கன்னியாகுமரி டிக்கெட் போடுங்க!