தப்பில்லாத ஆரவாரம்

1879இல் தொடங்கிய றோயல்–தோமியன் கிரிக்கெட் போட்டியையும் அதன் பப்பரே வாத்தியத்தையும் நாடே அறியும். அட்டன் மலையில் நமக்கு வாய்த்தவை இல்ல விளையாட்டுப் போட்டியும் கைத்தட்டலுந்தான். தப்பு ஏன் மைதானத்துக்கு வரவில்லை? விடியலில் பிரட்டுக்கு அழைத்ததும் காமன் கூத்தில் முழங்கியதும் அதுவே. சாவு வீட்டிலும் ஒலித்ததால் அதன்மேல் சாதி இழிவை ஏற்றிவிட்டார்கள். ஆனால் நம் கைகள் தட்டியதென்னவோ தப்பின் அடியைத்தான்! தொண்டை கட்டும்வரை கத்தினோம்; மருத்துவராகிவிட்ட எங்களால் இன்று அதை ஆதரிக்க முடியாது.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கவிருந்தது. நம் அக்காமார் பலர் அப்படித்தான் ரயிலேறினார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் அக்காமாரே, உங்கள் இல்லக் கோஷங்களை எழுதி அனுப்புங்கள். நம்மிடம் ஒன்றுகூட எழுத்தில் இல்லை.