நாயின் குலமும் நலமும்

மக்களோடு கூடி வாழும் விலங்குகளுள் நாய்க்கு ஒப்பானது பிறிதில்லை. ஆவும் எருமையும் பாலின் பொருட்டும், எருது உழவின் பொருட்டும் மனைக்கண் கொணரப்பட்டன. நாயோ அவை வருமுன்னரே வேட்டுவனோடு காட்டில் நடந்து, அவன் குடில் வாயிலில் துயின்ற உயிராகும். ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் எனத் தமிழில் அதற்குப் பல பெயர்கள் வழங்கினமையே நம்மவர் அதனோடு கொண்ட பழக்கத்தின் நெடுமையைக் காட்டும். இவ்வுயிரை முன்னோர் எங்ஙனம் போற்றினர், இற்றைநாள் நாம் எங்ஙனம் பேணுகின்றோம், இடையே நேர்ந்த மாறுதல் யாது என்பவற்றை நம் சங்கத்து அன்பர்க்கு ஒருவாறு எடுத்துரைத்தலே யாம் ஈண்டு மேற்கொண்ட பணியாகும்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உளது. அது பல்லவ வேந்தன் மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பெற்றது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டதனையும், கோவிவன் என்னும் பெயருடைய அவன் நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றதனையும் அக்கல் கூறும். வீரன் உருவத்தின் அருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் குலம் யாது என்று கல் கூறிற்றில்லை. பெயரையும் செயலையுமே கூறிற்று.

கன்னட நாட்டு ஆதகூர்க் கல்லும் இத்தகையதே. 949-ஆம் ஆண்டில் தக்கோலத்து நிகழ்ந்த பெரும்போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மடிந்தான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் சார்பில் ஆண்டுப் பொருத கங்க மன்னன் பூதுகன், தன் வீரனான மணலேரனை நோக்கி, வேண்டும் பரிசில் யாதெனக் கேட்டான். அவன் காளி என்னும் வேட்டை நாயை வேண்டிப் பெற்றான். பின்னர் அந்நாய் ஒரு பெருங்காட்டுப் பன்றியோடு பொருது, பன்றியும் தானும் ஒருங்கே மாய்ந்தது. அதன் நினைவாகக் கோயில் முன்றிலிற் கல் நாட்டி, வழிபாட்டிற்கு நிலமும் விடுத்தனர். அக்கல் இப்பொழுது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உளது.

இவ்விரு கற்களும் நாயை அதன் தொழிலால் மதித்த காலத்தன. இற்றை நாளிலோ நாய் வாங்குவோர் முதற்கண் வினவுவது, 'இது சாதி நாய் தானா?' என்பதே. குலத்தைக் கேட்போர் பலர். நலத்தைக் கேட்போர் சிலர். இதனால் விளையும் தீங்கு சிறிதன்று.

நாயினங்கள் யாவும் தொழிலும் நிலமும் பற்றித் தோன்றியவை. மேற்குத் தொடர்மலையின் அடிவாரத்தே பன்றி வேட்டைக்கும் காவற்கும் பயின்றது இராசபாளைய நாய். தேனி மாவட்டத்துக் கோம்பை நாயும் அத்தகையதே. செந்நிற மேனியும் கரிய முகமும் உடையது. கரிசற் காட்டில் முயலைக் கண்ணாற் கண்டு துரத்துதற்கு ஏற்ற மெல்லுடல் பெற்றவை சிப்பிப்பாறையும் கன்னியும் ஆம். மேனாட்டிலும் ஆடு மேய்த்தற்கு ஒன்று, வளையுட் புகுந்து வேட்டையாடுதற்கு ஒன்று, பனியில் வண்டி இழுத்தற்கு ஒன்று என இங்ஙனமே பல இனங்கள் அமைந்தன. தொழிலிற்கு ஆகாத குட்டியை எவரும் இனப்பெருக்கத்திற்குக் கொள்ளாராதலின், உடல் வன்மை தானே காக்கப்பட்டு வந்தது.

இந்நிலை இரு காரணங்களால் மாறிற்று. முதலாவது, காட்சிப் போட்டி. 1859-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நாய்க்காட்சி ஒன்று நடைபெற்றது. 1873-இல் இலண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பெற்றது. அதன்பின் ஒவ்வோர் இனத்திற்கும் இன்ன முகம், இன்ன நிறம், இன்ன அளவு என இலக்கணம் வகுக்கப்பட, தொழில் பின்சென்று தோற்றம் முன்னின்றது. இரண்டாவது, நம் நாட்டுச் சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அது காட்டுயிர்க்கு வேண்டிய நன்மையே. ஆயின், ஓடுதற்கென்றே பிறந்த நாய்கள் அதன்பின் வாயிற் சங்கிலியிற் கட்டுண்டன. தொழில் போயிற்று, பெயரும் விலையும் நின்றன.

இதன் விளைவை இராசபாளைய நாயிடத்தே தெளியக் காணலாம். தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்குமே சிறப்பெனக் கருதி, வெள்ளையோடு வெள்ளையையே மீள மீளச் சேர்த்ததனால், செவிட்டுக் குட்டிகள் பிறத்தல் அவ்வினத்திற் காணப்படுகின்றது. நிறந்தரும் நுண்ணணுக்கள் தோலில் மட்டுமன்றி உட்செவியிலும் இருத்தல் வேண்டும். அவை இல்லாவழி, ஒலியை உணரும் நுண்ணிய உறுப்புக்கள் குட்டி பிறந்த சில வாரங்களுள் அழிந்துவிடும். மேனாட்டு டால்மேஷன் நாய்க்கும் இக்குறை உண்டு. ஆதலின் குட்டி வாங்குவோர், அது ஆறு வாரம் நிரம்பிய பின்னர், தாயும் உடன்பிறந்தனவும் இல்லாத தனியிடத்தே அதன் பின்னின்று ஒலி எழுப்பிப் பார்த்தல் வேண்டும். கையைத் தட்டுங்கால் காற்று அதன்மேற் படாதிருத்தல் முதன்மை. செவிட்டு நாயைக் கைவிடுதல் அறமன்று. கைக்குறியால் அதனைப் பழக்கலாம். உறங்குங்கால் திடுமெனத் தொடலாகாது. அதனை இனப்பெருக்கத்திற்கு மட்டும் கொள்ளலாகாது.

சிப்பிப்பாறை, கன்னி என்பவற்றின் மேனியிற் கொழுப்பு மிகக் குறைவு, தோலும் மெல்லியது. வன்றரையில் நாளெல்லாம் கிடப்பின் முழங்கையிற் புண் உண்டாம். சாக்கோ பாயோ விரித்தல் வேண்டும். விலா எலும்பு சிறிது தோன்றுதல் அவற்றிற்கு இயல்பே. அதனை மெலிவெனக் கருதி ஊட்டிப் பருக்கச் செய்தல் தவறு. இத்தகைய மெல்லுடல் வேட்டை நாய்கட்குச் சில மயக்க மருந்துகள் நெடுநேரம் நீங்காது நிற்கும். ஆதலின் அறுவை செய்யுமுன் இனத்தைக் கால்நடை மருத்துவர்க்குத் தவறாது அறிவித்தல் வேண்டும். நாடோறும் ஓடவிடுதல் இவற்றிற்கு உணவினும் இன்றியமையாதது.

அயல்நாட்டு இனங்களின் துன்பம் வேறு வகையது. பக், புல்டாக் என்னும் குறுமுக நாய்களின் மூச்சுவழி மிகக் குறுகியது. நாய் மக்களைப் போல் மேனியெங்கும் வியர்ப்பதன்று; நாவை நீட்டி இளைத்தே வெப்பத்தை வெளியேற்றும். மூச்சுவழியே குறுகியிருப்பின் நம் சித்திரை வெயிலில் அவ்வுயிர் என் செய்யும்? பனிநாட்டு ஹஸ்கி இரட்டை மயிர்ப் போர்வையோடு நம்மூர் வெம்மையிற் படும் பாடும் அத்தகையதே. 1899-ஆம் ஆண்டு முதல் செருமானியில் வகுத்து வளர்க்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டு நாய்க்கு இடுப்பு மூட்டுப் பொருந்தாமை ஒரு குலநோய். லாப்ரடாருக்கும் அந்நோய் உண்டு. உண்ணுதலில் அடங்கா விருப்பமும் உண்டாதலின், உடல் பருத்து மூட்டு மேலும் கெடும். நீண்ட முதுகும் குறுங்காலும் உடைய டாக்ஸ்ஹண்டு படியேறிக் குதித்தலால் முதுகெலும்பு வட்டு நழுவி முடமாதல் உண்டு. இவை யாவும் வளர்ப்போர் அறிந்து வாங்க வேண்டுவன.

இனி எல்லா நாய்க்கும் பொதுவாகிய பேணுதலைக் கூறுவேம். நிழலும் தூய நீரும் எப்பொழுதும் வேண்டும். நண்பகலிற் சுடுதரையில் நடத்தலாகாது. வெறும் சோறும் மோரும் போதா. முட்டை, இறைச்சி முதலிய புரதம் சேர்தல் வேண்டும். வெங்காயம் நாயின் குருதியணுக்களைச் சிதைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் நஞ்சு. வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். உண்ணியைச் சிறிதென இகழற்க. நாயின் குருதியணுக்களைத் தாக்கும் காய்ச்சலை அது பரப்பும். செவிமடலும் விரலிடுக்கும் நாடோறும் ஆராய்தற்குரியன. குடற்புழு நீக்கும் மருந்தைக் காலந்தவறாது கொடுத்தல் வேண்டும்.

குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய்களுள் டிஸ்டெம்பர் பழையது. அம்மைப்பால் கண்ட எட்வர்டு ஜென்னரே 1809-ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து எழுதினார். அது நுண்மத்தால் வருவதென்று 1905-இல் பிரெஞ்சு அறிஞர் காரே காட்டினார். 1920-களில் இலெய்டுலா, டங்கின் என்னும் ஆங்கிலேயர் இருவர் அதற்குத் தடுப்பு மருந்து கண்டனர். பார்வோ என்னும் குருதிக் கழிச்சல் நோயோ 1978-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் புதிதாகப் பரவியது. இரண்டிற்கும் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்திற் றொடங்கி, மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை இடப்படும். முதல் ஊசியோடு நிறுத்திவிடுவோர் குட்டி பாதிக் காவலோடே வெளியிற் செல்கின்றது.

இவை நாயோடு ஒழியும் நோய்கள். நம் பிள்ளைகளின் உயிரையும் கொள்வது வெறிநோய். வெறிநாய் கடித்தார்க்கு நீரைக் கண்டு அஞ்சுதல் உண்டாம் என்பதைச் சுச்ருத சங்கிதையே கூறிற்று. 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், ஒன்பது வயதினனாகிய ஜோசப் மெய்ஸ்டர் என்னும் சிறுவனுக்குப் பாரிசில் லூயி பாஸ்டர் முதலிற் சிகிச்சை செய்தார், சிறுவன் பிழைத்தான். இந்தியாவில் 1900-ஆம் ஆண்டு இமயச் சாரலாகிய கசௌலியில் பாஸ்டர் நிலையம் தோன்றிற்று. தென்னாட்டில் கடிபட்டோர் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியிருந்தது. அக்குறை நீங்க, 1907-இல் நீலகிரிக் குன்னூரில் ஒரு நிலையம் திறக்கப்பெற்றது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் இந்திய அரசிற்கு அளித்த கொடை அதற்கு உதவியது. வயிற்றிற் பதினான்கு வரை இடப்பட்ட பழைய ஊசி ஆட்டின் மூளையினின்று செய்யப்பட்டது. பக்கவிளைவுகள் பற்றி அதனை இந்தியா 2004-ஆம் ஆண்டிறுதியிற் கைவிட்டது. இப்பொழுது தோளில் இடும் சில ஊசிகளே போதும். அரசு மருத்துவமனைகளில் அவை விலையின்றிக் கிடைக்கின்றன.

மருந்து இருந்தும் இறப்போர் தொகை சிறிதன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகவும், அவருள் மூன்றிலொரு பங்கினர் இந்தியர் எனவும் மதிப்பிடுவர். இறப்போரிற் சிறுவரும் பலர். காரணம் மருந்தின்மை அன்று, காலந்தாழ்த்தலே. கடிவாயில் மஞ்சளும் மிளகாயும் அப்பி, மந்திரிப்பாரை நாடி, 'வீட்டு நாய் தானே' என்று வாளா இருப்பர். நோய்க்குறி தோன்றுதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று திங்கள் செல்லும். அது தோன்றியபின் உயிர் மீள்தல் இல்லையென்றே கொள்க. எனவே நாய் கடித்தவுடன், பிறாண்டினும், ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுக் கால்மணி நேரம் கழுவுக. அன்றே மருத்துவமனை செல்க. காயம் ஆழமாயின் ஊசியோடு எதிர்ப்பு மருந்தும் கடிவாயைச் சுற்றி இடப்படும். சொல்லிய நாட்களில் எல்லா ஊசியையும் இட்டு முடிக்க. பிள்ளைகள் அடிக்கு அஞ்சிக் கடிபட்டதை மறைப்பதுண்டு. தாய்மார் அவ்வச்சத்தைப் போக்குதல் வேண்டும்.

வளர்ப்பு நாய்க்கு மூன்று திங்களில் வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பின்னர் மருத்துவர் கூறியபடி ஆண்டுதோறும் இடுவித்தல் உரியவர் கடன். இராசபாளையமாயினும், குலமறியாத் தெருநாயாயினும், வெறிநோய் அவ்வேற்றுமை பாராது.

அன்பர்காள்! 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சற்றுறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராசபாளையமும் அவற்றுள் ஒன்றாயிற்று. அப்பெருமை நமக்கும் உவகை தருவதே. எனினும் அஞ்சல்தலையில் நிற்கும் நாயினும், நம் வாயிலில் நலமுற்று நிற்கும் நாயே சிறந்ததாகும். இனிக் குட்டி வாங்கச் செல்வோர் அதன் தாய் தந்தையின் உடல்நலத்தையும், செவியையும், தடுப்பூசி இட்ட நாளையும் முன்னர் வினவுக. குலத்தைப் பின்னர் வினவுக. இஃதொன்றே யாம் வேண்டுவது.